கதைநாயகனுக்காக அழுதது என் மனக்கோளாறா?

கேள்வி: எனக்கு வயது 41. செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றில் மாமியாரோடும் மகளோடும் வசிக்கிறேன். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை வருவார். மகள் காரைக்குடியில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற மாதம் ஒரு தோழி சொல்லி, கைப்பேசியில் 'ஆன்ட்டி ஹீரோ' கதை ஒன்றைப் படித்தேன். தன் தந்தையின் சாவுக்குக் காரணமானவரின் மகளை நாயகன் கடத்தி வருகிறான். எங்கள் பக்கத்து வீடுகளைப் போன்ற ஒரு பெரிய வீட்டில் அவளை அடைத்து, அவள் மறுக்க மறுக்கத் தாலி கட்டுகிறான். தொடக்கத்தில் அவனைத் திட்டிக்கொண்டேதான் படித்தேன். அவளுக்குக் காய்ச்சல் கண்ட இரவில், அவளுக்குத் தெரியாமல் பூட்டிய கதவுக்கு வெளியே அவன் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் இடத்தில் என் மனம் மாறிவிட்டது. கடைசியில் அவன் அவள் காலடியில் அமர்ந்து மன்னிப்புக் கேட்கும்போது தேம்பித் தேம்பி அழுதேன். இரண்டு இரவுகள் தூக்கமில்லை. என் கல்யாணத்தையும் என்னைக் கேட்டு யாரும் முடிவு செய்யவில்லை. ஆனால் என் கணவர் நல்லவர், ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. பிறகு ஏன் இப்படி ஒருவனுக்காக அழுதேன்? தோழியிடம் கேட்டால் 'ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்' என்று சிரிக்கிறாள். மகளும் இதைப் படித்திருக்கிறாள். "ஒருத்தன் நம்ம மேல இப்படிப் பைத்தியமா இருந்தா நல்லாத்தானேம்மா இருக்கும்" என்கிறாள். அவளிடமிருந்து கைப்பேசியை வாங்கி வைத்துவிடலாமா? எழுதியவருக்கு என் கருத்தை அனுப்ப நினைத்துப் பலமுறை எழுதி அழித்துவிட்டேன். என்னிடம்தான் ஏதோ கோளாறா? பெயரும் ஊரும் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனத்தில் கோளாறு எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் மனநல ஆலோசனை செய்துவரும் எனக்கு இந்தக் கேள்வி புதிதும் அல்ல; வேறு ஏதோ காரணம் சொல்லி வந்து, புறப்படும் நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு இதைக் கேட்டவர்கள் உண்டு. பெண்களின் இத்தகைய கற்பனைகள் குறித்து அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, ஜோசப் கிரிடெல்லி, ஜென்னி பிவோனா என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2008-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தம் விருப்பத்துக்கு மாறாகத் தாம் உறவுக்கு வற்புறுத்தப்படுவதாகக் கற்பனை செய்ததுண்டு என்று சொன்ன பெண்கள், ஆய்வுக்கு ஆய்வு, 31 முதல் 57 விழுக்காடு வரை இருந்தார்கள். அந்தப் பெண்களில் எவரும் அது தமக்கு உண்மையில் நிகழ வேண்டும் என்று விரும்பியதாக இதற்குப் பொருள் இல்லை. கற்பனையில் எதை எதுவரை நடக்க விடுவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் கற்பனை செய்பவரின் கையில்தான் இருக்கிறது. நீங்கள் வேண்டாம் என்று நினைத்த கணத்தில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட முடியும். கதைக்குள் அடைபட்ட அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

உங்கள் தோழி சொன்ன பெயரை ஒதுக்கி வைத்துவிடுங்கள். 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு வங்கிக்குள் ஆறு நாட்கள் பிணையாக வைக்கப்பட்டிருந்த நால்வரின் நடத்தையை விளக்கச் சூட்டப்பட்ட பெயர் அது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் அது ஒரு நோயாக இடம்பெறவில்லை. பிணையாக இருந்த பெண்களில் ஒருவரே, உள்ளே இருந்தவர்களைவிட வெளியிலிருந்த காவல்துறையின் போக்குதான் தம்மை அச்சுறுத்தியது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். கதை படித்து அழுத ஒருவருக்கு இந்தப் பெயரைச் சூட்டுவது வேடிக்கைப் பேச்சுக்கு உதவலாமே தவிர, எதையும் விளக்காது.

உங்கள் மனம் மாறிய இடத்தை நீங்களே துல்லியமாகக் குறித்திருக்கிறீர்கள்: காய்ச்சல் கண்ட இரவு. அவன் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இவ்வகைக் கதைகளின் தொழில்நுட்பம் முழுவதும் இந்த ஒரே ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது. சில அத்தியாயங்கள் வரை அவள் கண்ணால் அவனைக் காட்டி அச்சமூட்டிவிட்டு, பிறகு அவனுடைய நெஞ்சுக்குள் உங்களை அழைத்துச் சென்று, அவனுடைய தாயற்ற இளமையையும் தூங்காத இரவுகளையும் சொல்ல முடியாத காதலையும் காட்டுகிறார்கள். அதற்குப் பிறகு அவன் கதவைப் பூட்டினாலும், அவள் அவனை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயத்தால் பூட்டுகிறான் என்று உங்களுக்குத் தோன்றும். ஒரே செயல்தான், பூட்டும் அதே பூட்டுதான், ஆனால் காரணம் உங்கள் காதில் ஓதப்பட்டுவிட்டதால் அதன் நிறம் மாறிவிடுகிறது. அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் காதல் நாவல் வாசகியரிடம் நேரில் பேசி, ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வும், தொடக்கத்தில் நாயகன் காட்டும் கடுமைக்கெல்லாம் உள்ளே ஒளிந்திருந்த காதலே காரணம் என்று பின்னோக்கி விளக்கிக் கொடுப்பதுதான் இக்கதைகளின் வேலை என்று காட்டியது. படிக்கும் அந்த நேரம் ஒன்றுதான் வீட்டில் தமக்கென்று கிடைக்கும் நேரம் என்றும் அந்த வாசகியர் அவரிடம் சொன்னார்கள். மாமியார் படுத்த பிறகு, மகள் தன் அறைக்குப் போன பிறகு, அடுப்படி விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசியை எடுக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அச்சத்துக்கும் ஈர்ப்புக்கும் உள்ள தொடர்பு பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. கனடாவில் ஆழமான பள்ளத்தாக்கின் மேல் ஆடும் தொங்கு பாலத்தில் ஒரு பெண் ஆய்வாளரைச் சந்தித்த ஆண்கள், உறுதியான பாலத்தில் அவரைச் சந்தித்தவர்களைக் காட்டிலும் அதிகமாகப் பிறகு அவரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் இருவரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வு இது. பயத்தால் அடித்துக்கொள்ளும் நெஞ்சு, பக்கத்தில் நிற்பவர்மீது கொண்ட ஈர்ப்பால் அடித்துக்கொள்வதாகத் தவறாகக் கணக்கிட்டுவிடும் என்பது அவர்கள் கூறிய விளக்கம். அதே டட்டன், சூசன் பெயின்டர் என்பவரோடு சேர்ந்து 1981-இல் இன்னொன்றை எழுதினார். ஒருவர் கையில் முழு அதிகாரமும் இருந்து, அவர் அடிப்பதும் அணைப்பதுமாக மாறி மாறி நடந்துகொள்ளும்போது, பாதிக்கப்பட்டவருக்கு அவர்மீது உண்டாகும் பிணைப்பு, எப்போதும் அன்பாக இருப்பவர்மீது உண்டாவதைவிடப் பிடிவாதமானது என்று வன்முறைக்கு உள்ளான மனைவியரின் நிலையைக் கொண்டு அவர்கள் விளக்கினார்கள். உங்கள் கதையில் நாயகன் ஓர் அத்தியாயத்தில் உணவைத் தட்டிவிட்டு அடுத்ததில் ஊட்டிவிடுகிறான் என்றால், அந்த ஊசலாட்டத்தில் நாயகி மட்டுமல்ல, வாசகியும் சேர்ந்தே ஆடுகிறார். தொடராக வந்தபோது அடுத்த 'யூடி'க்காக, அதாவது புதிய பகுதிக்காக, காத்திருக்க வைக்கப் போட்ட முடிச்சுகள், முடிந்த கதையை ஒரே மூச்சில் படிக்கும்போது தூக்கத்தைத் தின்றுவிடுகின்றன. உங்கள் இரண்டு இரவுகள் போனதற்கு அதுவே போதுமான காரணம்.

இதற்கிடையே ஒன்று: அந்த எழுத்தாளர் நம் பக்கத்து வீடு ஒன்றில் வாழ்ந்து பார்த்தவர் அல்லர் என்று நினைக்கிறேன். படப்பிடிப்புக்காரர்களுக்குப் பிடித்த முகப்பும் பட்டாலை என்ற கூடமும் இரண்டாங்கட்டும் அவருக்கும் பிடித்திருக்கின்றன. ஆனால் ஒரு வீட்டில் எத்தனை பங்காளிகளுக்குப் பங்கு, வளவு என்ற நடுமுற்றத்தைச் சுற்றி எத்தனை புள்ளிகளுக்கு, அதாவது மணமான குடும்பங்களுக்கு, அறை, எந்தச் சாவி யாரிடம் என்பதெல்லாம் தெரிந்தவர்கள், ஒரு பெண்ணை அங்கே மாதக்கணக்கில் மறைத்து வைத்ததாகப் படித்தால் சிரித்துவிடுவார்கள். கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டும் திறக்கப்படும் வீடாக இருந்தால்கூட, காவலுக்கு இருப்பவரின் மனைவிக்குத் தெரிந்த செய்தி பொழுது சாய்வதற்குள் தெருக்கோடிக்குப் போய்விடும்.

கடத்தி வந்தவன்மீது இரக்கம் கொள்வதில் என்ன தவறு என்று நீங்கள் கேட்டால், தவறில்லை என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தின் திருநாளுக்குக் காரைக்குடியிலும், அதன் நிறைவுக்காக நாட்டரசன்கோட்டையிலும் கூடுகிறவர்கள், தலைமுறை தலைமுறையாக இராவணனுக்காக உருகியிருக்கிறார்கள். தொடாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துச் சென்ற அவன் அசோகவனத்தில் சீதையின் முன் தலைமேல் கை கூப்பித் தரையில் விழுகிறான். உங்கள் கதையின் கடைசிக் காட்சியைக் கம்பர் அப்போதே எழுதிவிட்டார். அவன் இறந்து கிடக்கும்போது, சானகிமீது அவன் உள்ளே ஒளித்து வைத்த காதல் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று இராமனின் அம்பு உடல் முழுவதும் தடவிப் பார்த்ததோ என்று மண்டோதரி புலம்புகிறாள். அந்தப் பாட்டைக் கேட்டுக் கண் கலங்கிய எவரையும் நாம் மனக்கோளாறு உள்ளவர் என்று சொன்னதில்லை. ஆனால் கம்பர் ஒன்றைச் செய்யவில்லை. இராவணனுடைய நெஞ்சைத் திறந்து காட்டியதற்காக, சீதையின் மறுப்பை அவர் ஓர் இழைகூடத் தளர்த்தவில்லை. அவன் விழுந்த இடத்திலேயே அவனைத் துரும்பென்று மதித்து அவள் பேசுகிறாள். அவன் துன்பம் உண்மையாக இருக்கலாம். அதற்கு விலை கொடுக்க வேண்டியவள் அவள் அல்லள். நீங்கள் படித்த கதை இரண்டாவது செய்தியைத்தான் மறைத்துவிடுகிறது. அவன் இவ்வளவு வருந்திவிட்டானே, இனி அவள் மனம் இரங்காவிட்டால் அவள்தான் கல்நெஞ்சுக்காரி என்று உங்களை நினைக்க வைத்துவிடுகிறது. தொல்காப்பியம் மிக்க காமத்து மிடலை, அதாவது காம மிகுதியால் பலவந்தம் செய்வதை, பெருந்திணை என்னும் பொருந்தாக் காமத்தின் குறிப்புகளுள் ஒன்றாக வைத்தது. பாடக்கூடாது என்று விலக்கவும் இல்லை, அன்பின் ஐந்திணை என்னும் ஒத்த காதலோடு சேர்த்துவிடவும் இல்லை. இத்தகைய கதைகளை எந்த அடுக்கில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் தெரியவில்லை.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் அவசரமாகக் கடந்து போன, 'என் கல்யாணத்தையும் என்னைக் கேட்டு யாரும் முடிவு செய்யவில்லை' என்ற வரிக்கு வருகிறேன். கடத்திய இடத்தில் நீங்கள் அழவில்லை. தாலி கட்டிய இடத்திலும் அழவில்லை, கோபப்பட்டீர்கள். அழுதது, அதிகாரம் எல்லாம் தன் கையில் வைத்திருந்த ஒருவன், உன்னைக் கேட்காமல் உன் வாழ்க்கையை முடிவு செய்துவிட்டேன் என்று வாய் திறந்து ஒப்புக்கொண்ட இடத்தில். உங்கள் கல்யாணத்தின்போது பாத்திரங்களுக்கு ஒரு பட்டியல் இருந்திருக்கும், மொய்க்கு ஓர் ஏடு இருந்திருக்கும். நகரத்தார் வீடாக இருந்தால் இசைகுடிமானம் என்ற திருமணப் பதிவும் எழுதியிருப்பார்கள். இத்தனை எழுத்துக்கு நடுவே உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. பிறகு அது பற்றி எவரும் பேசவும் இல்லை, ஏனென்றால் கணவர் நல்லவராக அமைந்துவிட்டார், வாழ்க்கை நன்றாகப் போய்விட்டது, இனி எதற்காகப் பேசுவது. நல்லபடியாக முடிந்தது என்பதாலேயே, கேட்கவில்லை என்ற வருத்தத்தைச் சொல்ல இடமில்லாமல் போன பெண்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அந்த வருத்தம் நன்றிகெட்டதனம் ஆகாது. கணவர் நல்லவர் என்பதும், உங்களைக் கேட்டிருக்க வேண்டும் என்பதும் ஒன்றையொன்று மறுக்காத இரண்டு உண்மைகள். ஆகவே, நீங்கள் ஒரு முரடனுக்கு ஏங்கினீர்கள் என்று நான் நினைக்கவில்லை. யாரோ ஒருவர் ஒப்புக்கொள்வதைக் கேட்க ஏங்கினீர்கள். அதை ஒரு கதை கொடுத்தது. ஆனால் கடத்தலுக்கும் பூட்டுக்கும் பிறகுதான் அது கிடைக்கும் என்பதுபோலக் கொடுத்தது. அந்தச் சேர்க்கைதான் பொய்.

கணவரிடம் இந்த நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது, பெண் பார்க்க வந்த அன்று உங்களுக்கு என்ன தோன்றியது என்று பேச்சுவாக்கில் சொல்லலாம். அன்று தமக்கு என்ன தோன்றியது என்று அவரும் சொல்லக்கூடும், ஏனெனில் அவரையும் எவ்வளவு தூரம் கேட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. தொலைபேசியில் வேண்டாம், மாமியார் அருகில் இருக்கும்போதும் வேண்டாம்.

மகளின் கைப்பேசியை வாங்கி வைப்பதால் பயன் இல்லை. இருபதை எட்டும் பெண் இன்னொருத்தியின் கைப்பேசியில் படித்துக்கொள்வாள். உங்களிடம் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொள்வாள். அவள் இப்போது சொல்லியிருக்கிறாள் என்பதே உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. அவள் சொன்னதிலும் பயப்பட அதிகம் இல்லை. ஒருவருக்குத் தான் மிக முக்கியமாக இருக்க வேண்டும் என்று அந்த வயதில் விரும்பாதவர் யார்? நீங்கள் அவளோடு சேர்ந்து செய்து பார்க்க ஒரு பயிற்சி சொல்கிறேன். அந்தக் கதையில் நாயகனின் நெஞ்சுக்குள் நடக்கும் பகுதிகளை எல்லாம் விட்டுவிட்டு, நாயகி கண்டதையும் கேட்டதையும் மட்டும் வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். காய்ச்சல் கண்ட இரவைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது, கதவு வெளியே பூட்டியிருந்தது என்பது மட்டும்தான். நிஜ வாழ்க்கையில் எந்த ஆணுக்கும் இப்படி நெஞ்சைத் திறந்து காட்டும் அத்தியாயம் கிடையாது. அவன் நடந்துகொள்ளும் விதம் ஒன்றைத்தான் நாம் பார்க்க முடியும். தினமும் பேருந்து நிறுத்தத்தில் வந்து நிற்கிறவன், எடுக்கும்வரை அழைக்கிறவன், யாரோடு பேசினாய் என்று கைப்பேசியைப் பிடுங்கிப் பார்க்கிறவன், என்மீது உள்ள பைத்தியத்தால் செய்கிறான் என்று அவள் விளக்கம் எழுதத் தொடங்கினால், அவனுடைய அத்தியாயத்தை அவளே எழுதிக் கொடுக்கிறாள் என்று பொருள். இதை அறிவுரையாகச் சொல்லாமல், கதையைப் பற்றிய பேச்சாகவே பேசுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அவள் தெரிந்திருக்கட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 87-ஆம் பிரிவின்படி, திருமணத்துக்குக் கட்டாயப்படுத்தும் நோக்கத்தோடு ஒரு பெண்ணைக் கடத்தினால் பத்து ஆண்டுகள் வரை சிறை. ஒரு பெண் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் பின்தொடர்வது 78-ஆம் பிரிவின்படி குற்றம், முதல் முறைக்கே மூன்று ஆண்டுகள் வரை சிறை. பலவந்தத்தால் பெற்ற இசைவோடு நடந்த திருமணத்தை ரத்து செய்யக் கோரும் உரிமையை 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 12-ஆம் பிரிவில் தருகிறது; பலவந்தம் ஓய்ந்த ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும். கழுத்தில் ஏறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இக்கதைகள் சொல்வது சட்டப்படி உண்மை இல்லை. ஆனால் ஓர் இடத்தில் சட்டமும் கதையைப் போலத்தான் நடந்துகொள்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம்: பதினெட்டு வயது நிறைந்த மனைவியிடம் கணவன் பலவந்தமாக உறவு கொள்வதை வன்புணர்வு என்ற குற்றத்திலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவு இன்னும் விலக்கியே வைத்திருக்கிறது. அத்தகைய மனைவிக்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அது பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே கொள்கிறது.

நீங்கள் இவ்வகைக் கதைகளைப் படிப்பதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. இரவு பத்து மணிக்குப் பிறகு கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள், பகலில் படியுங்கள். பகல் வெளிச்சத்தில் படித்தால் பாதிக் கதைகள் தாமாகவே சலித்துவிடும் என்பது என் எண்ணம். ஆனால், படித்த காட்சிகள் விரும்பாமலே திரும்பத் திரும்ப வந்து உடல் நடுங்கினாலோ, உங்களுக்கோ மகளுக்கோ முன்பு நேர்ந்த ஏதேனும் ஒன்றை அவை கிளறினாலோ, அது கதையின் வேலை அல்ல. அப்போது நேரில் வந்து பேசுங்கள், அல்லது 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள்; தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டிலோ வெளியிலோ யாராவது துன்புறுத்தினால் 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது.

எழுதியவருக்குக் கருத்து அனுப்புவது பற்றி: அனுப்புங்கள். பலமுறை அழித்ததற்குக் காரணம், பாராட்டு, கண்டனம் என்ற இரண்டில் ஒன்றைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டது என்று தோன்றுகிறது. அழுதேன் என்பதையும் எழுதலாம், கோபம் தீரவில்லை என்பதையும் அதே கடிதத்தில் எழுதலாம். கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கள்: அவன் அவள் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்ட அந்த நேரத்தில் அறைக்கதவு திறந்திருந்ததா, பூட்டியிருந்ததா? பூட்டியிருந்தது என்றால், மன்னிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவளால் எங்கே போயிருக்க முடியும்? உண்மையில் எழுதத் தெரிந்தவராக இருந்தால், இந்தக் கேள்வி அவருடைய அடுத்த கதையில் வேலை செய்யும். அவருடைய தீவிர வாசகியர் சிலர் உங்களோடு சண்டைக்கு வரக்கூடும். அவர்களுக்கெல்லாம் நீங்கள் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.